வேரிலிருந்து கேட்போம்

(மணவூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் எங்கள் அறக்கட்டளையின் வழிகாட்டல் குழு சார்பில் நிகழ்த்திய உரை)



ஜமாஅத் பெரியவர்களே, திரைக்கு அந்தப்பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, விடியற்காலை ரயிலைப் பிடித்து அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்வரும் தம்பிமார்களே! இன்று மனக்கஷ்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மரத்தை வைத்துத்தான் பேசப்போகிறோம். ஏன் மரம் என்பதைக் கொஞ்ச நேரத்தில் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எங்களிடம் பலரும் வருகிறார்கள். படிப்பைப் பாதியில் விட்ட பையன் வருகிறான். கடனில் மாட்டிய கடைக்காரர் வருகிறார். கணவர் வெளிநாட்டில் இருக்க, மாமியார் வீட்டில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் சகோதரி வருகிறார். வந்து உட்கார்ந்ததும் "என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டால் முதல் பதில் ஒன்றுதான்: "ஒண்ணுமில்லீங்க."

சின்ன ஊர். இங்கே பேசினால் நாளை கடைத்தெருவில் தெரிந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதற்கு முன் யாரிடமாவது வாய் திறந்திருப்பார்கள். பாதி சொல்வதற்குள் "சபுர் செய்" என்று பதில் வந்திருக்கும். சபுர் மிகப் பெரிய குணம். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்டு முடிப்பதற்கு முன் சொல்லப்படும் சபுர், எதிரே இருப்பவரின் வாயை அடைத்துவிடுகிறது.

ஹதீஸில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. புகாரியில் அறிவு பற்றிய பாடத்தில் அதைக் காணலாம். நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஒரு விடுகதை போடுகிறார்கள். இலை உதிராத ஒரு மரம், அது முஸ்லிமுக்கு ஒப்பானது, எந்த மரம் என்று கேட்கிறார்கள். எல்லோருடைய எண்ணமும் காட்டு மரங்களின் பக்கம் போகிறது. சபையில் இருந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அது பேரீச்சை என்று மனதில் படுகிறது. ஆனால் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் சிறியவர் பேசுவதா என்று வெட்கப்பட்டு இருந்துவிடுகிறார். பிறகு தந்தை உமர் (ரலி) அவர்களிடம் இதைச் சொல்கிறார். தந்தை கோபிக்கவில்லை. நீ அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ பிரியமாக இருந்திருக்கும் என்ற கருத்தில் பதில் சொல்கிறார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. மனிதனைப் பற்றிப் பேச மரம் நல்ல வழி என்பது ஒன்று. பதில் தெரிந்தும் வாய் திறக்காத இளையவர்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று.

இப்போது சென்னை போன்ற நகரங்களில் லைஃப் கோச்சிங் என்று கட்டணம் வாங்கி வாழ்க்கை வழிகாட்டல் செய்கிறார்கள். அவர்களும் ஆறு, மலை, விதை என்று இயற்கையை வைத்துப் பேசுவதுண்டு. நாங்கள் கைக்கொள்வது 'வாழ்க்கை மரம்' என்ற முறை. எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக 2000களின் நடுவில் உருவானது. ஜிம்பாப்வேயைச் சேர்ந்த உளவியலாளர் ந்கசெலோ ந்கூபே அவர்களும், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரிலுள்ள டல்விச் சென்டரின் டேவிட் டென்பரோ அவர்களும் சேர்ந்து வகுத்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் நேராக இழப்பைப் பற்றிக் கேட்டால் அழுகைதான் வந்தது. அழுத பிள்ளை இன்னும் உடைந்துபோனது. அதனால் முதலில் நிற்பதற்கு ஒரு தரையைக் கொடுத்துவிட்டு, பிறகு துக்கத்தைப் பேசலாம் என்று முடிவு செய்தார்கள்.

முறை எளியது. ஒரு தாள், ஒரு பென்சில் போதும். உங்களுக்குத் தெரிந்த ஒரு மரத்தை வரையுங்கள் என்போம். வேரில், நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், உங்களுக்கு முதலில் நல்லது கற்றுக்கொடுத்தது யார் என்று எழுதவேண்டும். தரையில், இப்போது தினமும் என்ன செய்கிறீர்கள். அடிமரத்தில், உங்கள் கைக்கும் மனதுக்கும் என்ன தெரியும். கிளைகளில், என்ன ஆசைப்படுகிறீர்கள். இலைகளில், உங்களுக்கு வேண்டியவர்கள். மவுத்தாகிவிட்டவர்களும் அதில் இருக்கலாம். பழங்களில், பிறரிடமிருந்து உங்களுக்குக் கிடைத்தவை.

ஒரு சகோதரரின் அனுமதியோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒரு விஷயம் சொல்கிறோம். வயது இருபத்துமூன்று. அம்மாவின் நகையை அடகு வைத்து வளைகுடாவுக்குப் போனார். வேலை செய்த இடத்தில் சம்பளம் சரியாக வரவில்லை. ஒரு வருஷம் ஆவதற்குள் திரும்பிவிட்டார். அதன்பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஜும்ஆவுக்கும் வரவில்லை. அம்மா அழைத்து வந்தபோது அவர் சொன்ன ஒரே வார்த்தை, "நான் வீணாப் போனவன்."

அவர் திருத்தணி ரோட்டோரத்துப் புளியமரம் ஒன்றை வரைந்தார். வேரில் நானியின் பெயரை எழுதினார். விடியலில் இடியாப்பம் சுட்டு விற்று அவரைப் படிக்கவைத்தவர் அந்த நானி. தரையில், "தூக்கம், போன்" என்று எழுதினார். வேறு ஒன்றுமே இல்லையா என்று கேட்டோம். யோசித்து, "நானிக்குக் காலையில ஒளூ செய்யத் தண்ணி வெச்சுக் கொடுப்பேன்" என்றார். அதையும் எழுதச் சொன்னோம். அடிமரத்தில் ஏசி வேலை தெரியும் என்று எழுதினார். மெல்ல மெல்லப் பேச்சுக்கொடுத்தபோது இன்னொன்று வெளியே வந்தது. தங்கியிருந்த முகாமில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தது இவர்தான். அதை ஒரு திறமையாக அவர் நினைத்ததே இல்லை.

இலைகளில் மூன்று பெயர்கள்தான் வந்தன. நாலாவதாக மாமுவின் பெயரை எழுதிவிட்டு அழித்தார். ஏன் என்று கேட்டோம். கடனுக்குப் பிறகு அவர் முகத்தில் விழிக்கவே இல்லை என்றார். நாங்கள் புத்தி சொல்லவில்லை. "அழித்த இடம் அப்படியே இருக்கட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றோம். அடுத்த வாரம் அவரே மாமுவுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். மாமு அடகுக்கடைக்குக் கூட வந்து, நகை ஏலத்துக்குப் போகாமல் தவணை பேசினார். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது திருவள்ளூரில் ஒரு ஏசி மெக்கானிக்கிடம் உதவியாளராகப் போகிறார். ஜும்ஆவில் பார்க்கிறோம், அல்ஹம்துலில்லாஹ்.

மரம் முடிந்த பிறகுதான் புயலைப் பற்றிக் கேட்போம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் விட மண்ணில்லாமல் சிமெண்டுக்கு நடுவில் நின்ற மரங்கள் அதிகம் விழுந்தன. புயல் வந்தது மரத்தின் குற்றமா? இல்லை. புயல் எந்நேரமும் அடித்துக்கொண்டே இருக்குமா? இருக்காது. போன தடவை புயல் வந்தபோது உங்களைத் தாங்கியது எது, யார்? இந்தக் கேள்விகளுக்கு, மரத்தை வரைந்து முடித்தவர்களிடம் பதில் இருக்கிறது. இறைநம்பிக்கையாளரை, காற்றில் சாய்ந்து மறுபடி நிமிரும் இளம்பயிருக்கு ஒப்பிடும் ஹதீஸும் நமக்குத் தெரிந்ததே. சாய்வதை அது குறையாகச் சொல்லவில்லை.

இதைச் செய்கிறவர்கள் சில விஷயங்களில் கவனமாக இருக்கவேண்டும். "உன் வேரே சரியில்லை" என்று யாரிடமும் சொல்லக்கூடாது. அது குடும்பத்தைத் திட்டுவதாகிவிடும். வீட்டில் அடி வாங்கி வளர்ந்த பிள்ளைக்கு வேர் என்றால் வலிதான். அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆசிரியையோ, மதரஸா ஹஜ்ரத்தோ, பிடித்த ஒரு இடமோ வேராக இருக்கலாம். அவருக்காக நாம் வரைந்து கொடுக்கக்கூடாது. தாள் அவருடையது. அதில் இருப்பது அமானத். சொந்த அம்மாவுக்குக்கூட அவர் சம்மதமில்லாமல் நாங்கள் காட்டுவதில்லை.

மரம் எல்லோருக்கும் ஒத்துவரும் என்றும் இல்லை. லாரி ஓட்டும் ஒரு சகோதரர் மரம் வேண்டாம் என்றார். நம் கொசஸ்தலை ஆற்றைச் சொன்னார். வருஷத்தில் பல மாதம் வெறும் மணல்தான், ஆனால் தோண்டினால் ஊற்று வரும் என்றார். சரி என்று ஆற்றை வைத்தே பேசினோம். யாருக்கு எது பழக்கமோ அதுதான் அவருக்கு வாய் கொடுக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். எல்லாக் கஷ்டத்துக்கும் தாளும் பென்சிலும் போதாது. பல நாள் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாருக்கும் கேட்காத குரல் காதில் கேட்கிறது, "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்ற பேச்சு வருகிறது என்றால், தாளை மடித்து வைத்துவிடவேண்டும். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராக, அன்பாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனதில் அடைத்து வைத்திருந்தவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளைக் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக நம் தொண்டர்கள் துணைக்கு வருவார்கள்.

மருந்து சாப்பிட்டால் ஈமான் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வைத்தியம் செய்துகொள்ளச் சொன்னதும் நம் நபி (ஸல்) அவர்கள்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த இல்லத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். அவர்களும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. துஆவும் செய்வோம், மருத்துவரிடமும் போவோம். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

நாங்கள் படித்த டாக்டர்கள் இல்லையே, எங்களால் என்ன முடியும் என்று தாய்மார்கள் நினைக்கவேண்டாம். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களின் வெளியே மரபெஞ்சில் உட்காரவைத்தார். மனம் சோர்ந்தவர்கள் வந்து பாட்டியோடு பேசினார்கள். 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பாட்டிமாரிடம் பேசியவர்களின் மனச்சோர்வு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது. நம் நானிமாரும் தாதிமாரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. பயிற்சியும், கேட்டதை வெளியே சொல்லாத நாக்கும்தான் வேண்டும்.

வீட்டில் இன்றைக்கே தொடங்கலாம். இஷாவுக்குப் பிறகு போனைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும். பரீட்சை முடிவு வந்த நாளிலும், வீட்டில் சண்டை நடந்த நாளிலும் வேண்டாம். உனக்கு நல்லது சொல்லிக்கொடுத்தது யார் என்று வேரிலிருந்து ஆரம்பியுங்கள். மார்க்கு, வேலை, நிக்காஹ் எல்லாம் கிளை. அதை அவர்களாகப் பேசும்வரை காத்திருங்கள். பிள்ளை தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால், உமர் (ரலி) அவர்கள் மகனிடம் நடந்துகொண்டதை நினைத்துக்கொள்ளுங்கள். "இதை அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று அதட்டாதீர்கள். "சொன்னது எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

வழிகாட்டலுக்கு நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. எந்த ஜமாஅத், எந்த மதம் என்றும் கேட்பதில்லை. பெண்களிடம் பேசப் பெண் தொண்டர்கள் இருக்கிறார்கள். உருது, தமிழ் எதிலும் பேசலாம். பயிற்சி பெற்றுத் தொண்டு செய்ய விரும்புகிறவர்கள், முக்கியமாக வீட்டில் இருக்கும் மூத்த தாய்மார்கள், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வாய் திறக்க முடியாமல் தவிக்கும் ஒவ்வொருவருக்கும் காது கொடுக்கும் ஒரு மனிதரை அல்லாஹ் ஏற்படுத்தித் தருவானாக. அந்தக் காதுகளாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.