ஆடுகளத்தில் வாழும் மொழி

(தமிழாசிரியர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ஒரு மொழி எங்கே வாழ்கின்றது? ஏட்டிலா? மேடையிலா? இமயமலை நாடாகிய பூட்டானில் மாணவர் ஆடும் எறியம்பு விளையாட்டொன்று இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

அதன் பெயர் 'குரு'. ஆசானைக் குறிக்கும் வடசொல்லன்று இது. அந்நாட்டுச் சொங்கா மொழியின் சொல். சிறு மரத்துண்டைச் செதுக்கி, முனையில் இரும்பாணி பதித்து, வாலில் இறகு செருகினால் எறியம்பு அணியமாகிவிடும். குறிப்பலகையோ ஒரு நூலட்டை அளவினது. எறிவோனுக்கும் அதற்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 60 அடி. திடலின் இரு முனையிலும் பலகை உண்டு. இரண்டு அணியினரும் ஒரு முனையிலிருந்து எறிந்து முடித்து, மறுமுனைக்கு நடந்து, அங்கிருந்து மீண்டும் எறிவர்.

காண்போரைக் கவர்வது எறியினும் குரலே. குறியருகே நிற்கும் தோழர், அம்பு எப்பக்கம் விலகிற்று என்று கூவியுரைப்பர். எதிரணியினர் எறிவோனின் கை தடுமாறும்படி எள்ளி நகையாடுவர். அம்பு பலகையில் தைத்ததும் அணியினர் கூடிப் பாடி ஆடுவர். எள்ளலும் பாடலும் இல்லையேல் அது பாதி ஆட்டமே!

அம்மாணவர் வகுப்பறையில் எம்மொழியிற் கற்கின்றனர்? ஆங்கிலத்தில்! 1960-களில் புதுமுறைப் பள்ளிகள் பெருகியபோது ஆங்கிலமே அங்குப் பயிற்றுமொழியாயிற்று; சொங்கா ஒரு பாடமாக ஒடுங்கியது. அதனை வளர்க்க 1986-இல் ஆணையமொன்று அமைந்தது. ஆணையம் கலைச்சொல் ஆக்கலாம், அகரமுதலி தொகுக்கலாம். நண்பனை எள்ளும் சொல்லையும், வென்றவன் பாடும் பாட்டையும் ஆணையம் ஆக்கித் தருமோ? அவற்றைத் திடலே தரும்.

அந்நாட்டிற் குறையே இல்லை என்பதன்று. 1989-இல் அங்குப் பள்ளிகளினின்று நேபாளி மொழி நீக்கப்பட்டது. தன் மொழியைப் பேணுவோர் பிறர் தாய்மொழியைப் பறித்தல் அறமன்று. அக்குறையை விலக்கி, ஆடுகள நிறையை மட்டும் கொள்வோம்.

நம் நிலை யாது? சடுகுடு ஆடியோர் ஊருக்கோர் பாட்டை மூச்சடக்கிப் பாடிச் சென்றனர். 1990-இல் பீகிங்கில் நடந்த ஆசிய விளையாட்டில் அவ்வாட்டம் 'கபடி' என்னும் பெயரில் ஏறியது. ஆட்டம் உயர்ந்தது; மகிழ்ச்சியே. ஆயின் பொது ஒழுங்குமுறைப்படி ஏறிச்செல்வோன் 'கபடி' என்னும் ஒரு சொல்லையே ஓதவேண்டும். ஆட்டம் பிழைத்தது, பாட்டு வீழ்ந்தது! பள்ளித் திடலிலும் இன்று அவ்வொரு சொல்லே ஒலிக்கின்றது. வீழ்ந்தது பாட்டு மட்டுமோ? அதனுள் வாழ்ந்த ஊர்வழக்கும், நகைச்சுவையும், வீறும் உடன் வீழ்ந்தன.

இதனை மீட்க அரசாணை வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. உங்கள் மாணவரைத் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் அனுப்புங்கள். சடுகுடுப் பாட்டுகளையும், கிட்டிப்புள் ஆட்டத்தின் எண்ணுமுறைச் சொற்களையும் கேட்டு எழுதி வரட்டும். எழுதியதை நிலைப்பேழையில் அடைத்துவிடாதீர்கள். கிழமைக்கு ஒரு மாலையேனும் அப்பாட்டுகளோடு ஆடச் செய்யுங்கள். நீங்களும் திடலோரம் நின்று கேளுங்கள். பிழைதிருத்தும் எழுதுகோலை அன்று சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.

தேர்வுக்காகக் கற்ற தமிழ் தேர்வோடு போகும். ஆடிக் கற்ற தமிழ் அவர்தம் மக்கள் நாவிலும் ஆடும்!