கழிவுநீரில் கரைந்த உலோகம்





ஆலைக் கழிவுநீரில் கலந்துள்ள அழுக்குகளில் பெரும்பாலானவை காற்றும் நுண்ணுயிர்களும் சேர்ந்து உழைத்தால் சிதைந்து மக்கிவிடக்கூடியவை. ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் முதலிய உலோகங்களோ ஒரு சேர்மத்திலிருந்து மற்றொன்றுக்கு வேஷம் மாறுமேயன்றி, ஒருபோதும் அழிவதில்லை. ஜப்பானில் ஜின்சூ நதிக்கரையில், சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் ஆற்றுநீரோடு வயலில் பாய்ந்து, நெல்லில் ஏறி, உண்டவர்களின் எலும்புகளை நொறுங்கச் செய்ததையும், நோயாளிகள் வலி தாளாமல் அரற்றிய ‘இத்தாய் இத்தாய்’ என்ற சொல்லே அந்நோய்க்குப் பெயரானதையும் தாங்கள் அறிவீர்கள்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டு வந்த பாலாற்றங்கரையில் அதற்குப் பதிலாகக் குரோமியம் குடிபுகுந்த பிறகு, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்து நிலத்தடி நீர் அடைந்த கதி, 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைக்கும் அளவுக்கு முற்றிவிட்டது.

குரோமியத்தின் சுபாவத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். குரோமேட் கலந்த மஞ்சள் நீரை ஒரு பீக்கரில் எடுத்துச் சுண்ணாம்பைப் போட்டால் அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் அசைந்து கொடுக்காது. முதலில் கந்தக அமிலம் விட்டு, பின்பு சோடியம் பைசல்ஃபைட்டைச் சேர்த்துக் கலக்கினால், மஞ்சள் மங்கிப் பச்சையாகும். அதன் மேல் சுண்ணாம்பைச் சேர்க்க, நஞ்சு குறைந்த மூவிணைதிறக் குரோமியம் மேகம்போல் திரண்டு அடியில் இறங்கும். காரத்தை அளவு மீறி ஏற்றினாலோ, படிந்ததே மறுபடி கரையத் தலைப்படும். இதில் சாஸ்திரம் பாதி, சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்கும் தொழிலாளியின் கண் பாதி என்பது என் அபிப்பிராயம்.

தெளிந்த நீரில் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள் அடங்கிவிட்டால் சட்டம் திருப்தியடைகிறது. ஆனால் அடியில் படிந்த அந்தப் பச்சைச் சேறு எங்கே போகும்? இராணிப்பேட்டையில், மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் புறத்தே 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு வெட்டவெளியில் குவிந்து, மழைதோறும் மஞ்சள் நீராய் மண்ணில் இறங்கியதை நினைக்கும்போது, நீரிலிருந்து அகற்றிவிட்டோம் என்று பெருமிதம் கொள்ள எனக்கு மனம் துணியவில்லை.

ஆகையால் அகற்றுவதைவிட மீட்பதே மேல் என்பேன். பதனிட்ட தொட்டியில் எஞ்சும் நீரைத் தனியே வாங்கி, மக்னீசியம் ஆக்ஸைடு இட்டுக் குரோமியத்தை வண்டலாகப் படியவைத்து, அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் தோலுக்கே பயன்படுத்தலாம் என்று 1948-இல் தோன்றிய சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் காட்டியிருக்கிறார்கள். அவ்வழி சிறிய பட்டறைகளுக்கும் கட்டுபடியாக வேண்டுமானால், பிற கழிவோடு கலக்காமல் அந்நீரைப் பிரித்து வைக்கத் தனி வாய்க்காலும் தொட்டியும் வேண்டும். அதற்கான செலவை யார் ஏற்பது என்பதையும் இவ்விரண்டு நாள் கருத்தரங்கில் நாம் விவாதித்தே ஆகவேண்டும். முதற்கட்டுரை அதைப் பற்றியதே. அதன் ஆசிரியரை மேடைக்கு அழைக்கிறேன்.