கணக்கு ஆளுக்கொன்று



பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த சம்பளம் ஒரு விரல் தொடுதலில் போய்விடலாம். நம் வீடுகளில் அப்பாவின் கைப்பேசிதானே பிள்ளைக்கும் விளையாட்டுச் சாமான்!

வாங்கிய பொருளைப் பகிர்வோம். கடவுச்சொல்லைப் பகிர வேண்டாம். கூகுள் பிளேயில் 6 பேர் வரை குடும்பக் குழுவாகச் சேரலாம். ஒருவர் வாங்கிய செயலிகளில் பலவற்றை மற்றவர்களும் பயன்படுத்தலாம், கணக்கோ ஆளுக்கொன்று. பிள்ளைகள் எதையும் வாங்குமுன் பெற்றோரின் அனுமதி கேட்கும்படியும் அமைக்கலாம்.

வங்கியின் இரகசிய எண்ணை வீட்டுப் பிள்ளையிடமும் சொல்லலாகாது. விளையாட்டில் அறிமுகமான யாரோ கேட்டால், அது அறியாமல் சொல்லிவிடும். மோசடியில் பணம் பறிபோனால், வெட்கப்படாமல் உடனே வங்கியை அல்லது 997 என்ற எண்ணை அழைப்போம்.

பிள்ளையை அடிப்பதால் பணம் திரும்பாது. முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்தால் பணம் போகாது.