பட்டமும் பிணையும்



கல்வியைப் பற்றிப் பேசக் கூடிய சபையில் கடனைப் பற்றிப் பேசுவது சுபமன்று என்று கருதும் வழக்கம் நம்மிடையே வெகுகாலமாக இருந்துவருகிறது. வித்தை விலைமதிப்பற்றது என்று மேடைதோறும் சொல்லிக்கொண்டே, அதற்கு விலை வைக்கப்பட்ட நாளையும், அந்த விலை ஏறிய வேகத்தையும், அதைக் கொடுக்கக் கையில் பொருள் இல்லாதவர்கள் எதை எதை அடகு வைத்தார்கள் என்பதையும் நாம் ஏறெடுத்தும் பாராமல் இருந்துவிட்டோம். இம்மாநாட்டைக் கூட்டியவர்கள் அந்தக் கூச்சத்தை விட்டு, கல்லூரிப் பட்டம் அதற்காகும் செலவுக்கும் கடனுக்கும் தகுமா என்ற கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு என் வந்தனம். தலைமை வகிக்க என்னைத் தேர்ந்ததுதான் சற்றுப் பொருத்தமற்ற காரியம். ஏனெனில் நான் உபகாரச் சம்பளத்தில் படித்தவன், படிப்பின் பொருட்டு ஒரு காசும் கடன்படாதவன். கடன்படாதவன் கடனைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு சுலபமாக உபதேசத்தில் இறங்கிவிடுகிறான் என்பதை அறிவேன். இயன்றவரை அதைத் தவிர்க்கப் பார்க்கிறேன்.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டபோது, அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக வெளிவந்தவர்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஆவர். பின்னவர் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டுச்சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றிய பெருந்தொண்டைச் செய்தார், அப்பணிக்கு பி.ஏ. பட்டம் ஒருவிதத்திலும் அவசியமாய் இருக்கவில்லை. கல்லூரியில் பயின்று பட்டம் பெறாத சாமிநாதையர் அதே தொண்டை அதைவிடப் பன்மடங்காகச் செய்தார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகவும் அமர்ந்தார். அதே கல்லூரியில் கணிதம் ஒழிந்த மற்றப் பாடங்களில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்த சீனிவாச ராமாநுஜன், 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தார்.

இவ்விரு பெரியோர்களின் சரித்திரத்தையும் எடுத்துக்காட்டி, ‘பட்டத்தில் என்ன இருக்கிறது?’ என்று முடிப்பவர்களை நீங்கள் எத்தனையோ விழாக்களில் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்ல மறந்துவிடுவது ஒன்று உண்டு. சாமிநாதையருக்குத் தம் நாற்காலியையே ஒழித்துக் கொடுத்துப் பரிந்துரைக்க ஒரு தியாகராச செட்டியார் இருந்தார். ராமாநுஜனுக்கோ, அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துக் கைப்பொருள் கொடுத்து ஆதரிக்க நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் இருந்தார். பரிந்துரைக்க ஒருவரும் இல்லாதவன் என்ன செய்வான்? கலெக்டரைத் தெரியாத, கல்லூரி ஆசிரியரைத் தெரியாத, எந்த அலுவலக வாசலிலும் தன் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து பார்க்க ஒருவரும் இல்லாத ஒரு கூலிக்காரனின் மகனுக்கு, முன்பின் அறியாதவர்களும் ஏற்றுக்கொள்ளும்படி ஓர் அரசாங்க ஸ்தாபனம் முத்திரையிட்டுக் கொடுக்கும் சிபாரிசுக் கடிதமே பட்டம். 1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்னும் பொருளாதார அறிஞர் இக்கருத்தைக் கணித சாஸ்திர ரூபமாக வரைந்து காட்டினார். நம் கிராமத்துத் தாய்மார்கள் அதைக் கணிதமில்லாமலே உணர்ந்து, தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே பட்டத்தை இகழ்பவர்களின் கட்சியில் நான் இல்லை.

ஆனால் சிபாரிசுக் கடிதத்திற்கு ஒரு சுபாவம் உண்டு. பத்துப் பேரில் ஒருவன் கையில் இருக்கும் வரையில் அது கதவைத் திறக்கும். பத்துப் பேர் கையிலும் இருந்துவிட்டால், அது இல்லாதவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதற்கு மாத்திரமே பயன்படும். உயர்கல்வியைப் பற்றிய 2021-22-ஆம் ஆண்டு அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதினரில் சேர்க்கை விகிதம் தேசம் முழுவதற்கும் 28.4 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் 47 விழுக்காடாக இருந்தது. இது பெருமைப்பட வேண்டிய சாதனையே. அதே சமயம், பட்டம் வாங்கியும் முன்னேறாதவன் உண்டு, பட்டம் வாங்காதவன் பின்தங்குவதோ நிச்சயம் என்ற நிலையை இங்கே நாம் மற்ற மாகாணத்தாருக்கு முன்பே எட்டிவிட்டோம். 1969-இலேயே பிளாக், லேயர்ட், உட்ஹால் என்னும் மூவர், வேலையில்லாப் பட்டதாரிகள் மலிந்திருந்தும் இந்தியாவில் கல்லூரி வாசலில் கூட்டம் ஏன் குறையவில்லை என்று ஆராய்ந்தார்கள். வேலைக்குக் காத்திருக்கும் காலத்தைக் கழித்துப் பார்த்தாலும் தனிமனிதனுக்குப் பட்டம் லாபமே என்றும், சமூகம் இட்ட முதலுக்குத்தான் அவ்வளவு ஆதாயம் இல்லை என்றும் கண்டார்கள். அக்காலத்தில் செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றது. இன்று செலவு தந்தையின் தலைக்கு மாறியிருக்கிறது. ஆகவே அந்தக் கணக்கையும் திரும்பப் போட்டாக வேண்டும்.

எப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-85 வாக்கில் எம்.ஜி.ஆர். அரசாங்கம் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு அனுமதி அளிக்கத் தொடங்கியது. விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகள் இருந்த இடத்தில், முப்பது ஆண்டுகளுக்குள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை எழுந்தன. 1993-இல் உண்ணிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வசதியுள்ளவன் கொடுக்கும் கட்டணத்தில் வசதியற்றவனும் படிக்கும்படி இலவச இடம், கட்டண இடம் என்ற ஓர் ஏற்பாட்டைச் செய்தது. 2002-இல் டி. எம். ஏ. பை வழக்கில் அந்த ஏற்பாடு நீக்கப்பட்டது. அதற்குச் சற்று முன், 2001-இல், வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் வந்திருந்தது. ஏழை மாணவனைப் பணக்கார மாணவன் தாங்கிய காலம் போய், அவனுடைய எதிர்காலமே அவனைத் தாங்க வேண்டும் என்ற காலம் இவ்வாறு வந்தது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றவில்லை. நம் தேசத்தில் பெரிய மாறுதல்கள் பலவும் இப்படித்தான், ஒருவரும் தீர்மானிக்காமலே நடந்துவிடுகின்றன.

எதிர்காலத்தை நம்பிக் கடன் கொடுப்பது புதிய யோசனை அன்று. நிறையப் பணம் செலவழித்துக் கற்பிக்கப்பட்ட மனிதனை விலையுயர்ந்த யந்திரத்தோடு ஒப்பிட்டு ஆதம் ஸ்மித் எழுதினார். 1960 டிசம்பரில் தியோடர் ஷுல்ட்ஸ், நான் இன்று நிற்பது போன்றதொரு மேடையில், அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைமை உரையாகவே, மனித மூலதனம் என்ற கருத்தை நிலைநாட்டினார். உவமை அழகானதுதான். ஆனால் யந்திரத்தை அடகு வைக்கலாம். கடன் தீராவிட்டால் கடன் கொடுத்தவன் அதை எடுத்துப் போய் விற்றுக்கொள்ளலாம். மனிதனுக்குள் புகுந்த படிப்பை எவனும் ஜப்தி செய்ய முடியாது. ஆகவே வங்கி வேறு பிணையைத் தேடுகிறது. அந்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் முன்பு 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கப்படவில்லை. அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் ஆள் ஜாமீன். அதற்கும் மேலே போனால் சொத்து. பிணையில்லை என்ற முதற்படியிலும் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. படித்தவன் மகன், நோட்டீஸ் வருவதோ தகப்பன் பெயருக்கும் சேர்த்து.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம், வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்திலும், அதற்குப் பின் விடுமுறையாகத் தரப்படும் ஓராண்டிலும் தனிவட்டியே ஏறினாலும், முதல் தவணை கட்டும் நாளில் அசலும் வட்டியும் சேர்ந்து 5,40,000 ரூபாயாகிறது. பத்து ஆண்டுகளில் தீர்க்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய் கட்டவேண்டும். பதினைந்து ஆண்டுகள் என்றால் 5,800. மாதம் முப்பதாயிரம் சம்பாதிப்பவனுக்கு இது தாங்கக்கூடிய சுமை. பன்னிரண்டாயிரத்தில் வேலைக்கு அமர்ந்து, அதில் பாதியை வாடகைக்கும் சாப்பாட்டிற்கும் கொடுப்பவனுக்கு இது தாங்காது. இரண்டு பேரும் ஒரே பட்டத்தை, ஒரே கட்டணத்தில், ஒரே வட்டியில் வாங்கியவர்கள். கல்விக்கடனின் உள்ளே இருக்கும் கோணல் இதுதான்: வரவு ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்கும் வேறுபட, தவணை மட்டும் அசையாமல் நிற்கிறது. பட்டதாரியின் சராசரி வருமானம் இவ்வளவு என்று காட்டும் ஆராய்ச்சிகளெல்லாம் இந்த இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்து, இருவரும் சுகமாயிருப்பதாக நமக்குத் தெரிவிக்கின்றன.

இவ்விருவரையும் விட மோசமான நிலையில் மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான். சில வருஷங்களுக்கு முன், எங்கள் தெருவில் துணி தேய்க்கும் ஒருவர், வங்கியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தார். படித்துச் சொன்னேன். ‘பையன் என்ன செய்கிறான்?’ என்று கேட்டேன். ‘இன்னும் பதினோரு அரியர் இருக்குதுங்க சார்’ என்றார். படிப்புக் காலம் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த அந்தப் பிள்ளை, முதலாண்டுக் கணிதத் தாளிலேயே இடறி, இடறிய இடத்திலேயே நின்றுவிட்டான். பட்டமில்லை, ஆகவே பட்டதாரிகளின் சம்பளத்தைப் பற்றிய எந்தப் புள்ளிவிவரத்திலும் அவனுக்கு இடமில்லை. கடன் மட்டும் பட்டம் வாங்கியவனுக்கு உள்ளது போலவே முழுதாக இருந்தது. அவன் தகப்பனார் என்னிடம் வட்டிவிகிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ‘இந்தப் படிப்பு முடியுங்களா?’ என்றுதான் கேட்டார். பொருளாதாரத்தில் நாற்பது ஆண்டு உழைத்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

பட்டம் தகுமா என்று நாம் கேட்கும்போது, பட்டம் பெற்றவனைப் பட்டம் பெறாதவனோடு ஒப்பிடுகிறோம். அது தப்பான ஒப்பீடு. கல்லூரியில் காலெடுத்து வைக்கும் ஒருவன் வாங்குவது பட்டம் அன்று. பட்டம் கிடைக்கக்கூடிய ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பு கல்லூரிக்குக் கல்லூரி எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விவரங்களைப் புரட்டியவர்கள் அறிவார்கள். பெற்றோர்களோ கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பார்க்கத் தெரிந்ததைத்தானே மனிதர் பார்ப்பர்?

பரிகாரம் உண்டா? 1989-இல் ஆஸ்திரேலியர், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் வருமான வரியோடு சேர்த்துக் கடனை வசூலிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்; சம்பளம் இல்லாத ஆண்டில் தவணையும் இல்லை. நியாயமான முறை அதுவே என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நம் மண்ணில் நட முடியாது. நம்மவர்களில் பெரும்பாலோரின் வருமானம் வரி அதிகாரியின் கண்ணில் படுவதே இல்லை. இங்கிலாந்தோ 1998-இல் ஆயிரம் பவுனாக வைத்த கட்டணத்தை 2012-இல் ஒன்பதாயிரமாக்கியது. தவணை நோகாமல் செய்துவிட்டால் விலையை ஏற்றுவது எவ்வளவு எளிதாகிவிடுகிறது என்பதற்கு அது ஒரு பாடம். நம் தமிழ்நாட்டு அரசாங்கம் 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை தருகிறது. 2021 முதல் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தைத் தானே ஏற்கிறது. கல்விக்கடனுக்கான வட்டி மானியத்தைக் காட்டிலும் இவை சாலச் சிறந்தவை. நஷ்டத்தைத் தாங்கத் திராணியுள்ளவன் தாங்குகிறான் அல்லவா?

பட்டத்தால் வரும் கௌரவத்தையும், பெண்கள் தம் காலில் நிற்பதையும், சாதியின் வாசற்படியைத் தாண்டும் தைரியத்தையும் ரூபாயில் அளக்கலாகாது என்று இங்கே சிலர் வாதிடக்கூடும். அளக்கலாகாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவணையை ரூபாயில்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

என் முடிவைக் கேட்டால் சொல்கிறேன். முடித்து வெளியேறுபவனுக்குப் பட்டம் இன்றைக்கும் தகும். முடிப்பானா என்பது நிச்சயமில்லாத ஒரு பிள்ளையின் தலையில், எந்தக் கல்லூரியானாலும் சரி என்று, அசையாத தவணையை ஏற்றும் கடன் தகாது. இதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க நம்மிடம் இருக்க வேண்டிய ஒரு கணக்கை இதுவரை ஒருவரும் எடுத்ததாக நான் காணவில்லை. சேர்ந்தவர் எத்தனை பேர், கடன் வாங்கியவர் எத்தனை பேர், முடிக்காமல் போனவர் எத்தனை பேர், அவர்கள் கடன் என்னவாயிற்று என்பதே அக்கணக்கு. கல்லூரியில் ஒரு பாதியும் வங்கியில் ஒரு பாதியுமாகக் கிடக்கும் அதைச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பை, இங்கு வந்திருக்கும் இளைய ஆராய்ச்சியாளர்களில் எவரேனும் இருவர் ஏற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்பவர்கள் மாலை அமர்வுக்கு முன் என்னிடம் பெயர் கொடுக்கலாம். முதற் கட்டுரையை இப்பொழுது வாசிக்கலாம்.