பெண்ணைக் கரையில் பேசும் கற்கள்

(மங்களூர்க் குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

  

நம் மங்களூருக்கு வடக்கே ஓடும் தென்பெண்ணையாற்றின் கரைக்கு, இந்நன்னாளில் உங்கள் உள்ளத்தைச் சிறிது அழைத்துச் செல்ல விழைகின்றேன்.

விழுப்புரத்திலிருந்து திருக்கோவலூர் செல்லும் வழியில் உள்ளது கீழ்வாலை. எழுத்தறியாக் காலத்து மாந்தர் அங்குள்ள பாறைகளில் செங்காவியால் உருவங்கள் தீட்டி வைத்தனர். திருக்கோவலூருக்கு மேற்கே ஜம்பை மலையில் ஒரு குகை. அசோக மன்னர் தம் கல்வெட்டில் சோழ பாண்டியரோடு குறித்த சத்தியபுத்திரர் யாவர் என்று அறிஞர் நெடுங்காலம் வழக்கிட்டனர். 1981-ஆம் ஆண்டு அக்குகையிற் கண்ட தமிழ் எழுத்து விடை தந்தது. சத்தியபுத்திரன் என்னும் சிறப்புப் பெயர் தாங்கிய அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த உறைவிடம் அது!

திருக்கோவலூரோ அட்ட வீரட்டானங்களுள் ஒன்று. முதலாழ்வார் மூவரும் கூடி மாலைப் பாடிய தலமும் அதுவே. கபிலர் தீப்புகுந்த செய்தியை அவ்வீரட்டானத்துச் சோழர் காலக் கல்வெட்டு இன்றும் சொல்லுகின்றது.

மன்னரையும் புலவரையும் மட்டுமோ கல் நினைவிற் கொண்டது? அன்று. ஜம்பைத் திருக்கோயிலில் மற்றொரு சோழர் காலக் கல்வெட்டு உண்டு. வரி செலுத்தக் கடமைப்படாத ஒரு பெண்ணை ஒருவன் வரி கேட்டு வருத்தினான். அவள் நஞ்சுண்டு மாண்டாள். நாட்டார் கூடி அவனைக் குற்றவாளி எனத் தீர்த்தனர். அவன் 32 காசு கொடுத்து இறைவன் திருமுன் விளக்கெரிக்கச் செய்தான். எளிய ஒரு பெண்ணின் துயருக்குச் சான்றாய் நிற்பது கோயிற் சுவரன்றோ!

நம் முதுகுன்றத்தில் செம்பியன் மாதேவியார் செய்த கற்றளித் திருப்பணியை நாம் அறிவதும் கல்வெட்டினாலேயே.

ஆதலின் திருப்பணிச் செல்வர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய கோயில்களைப் புதுக்கும்போது கல்லின்மேற் சுண்ணமோ வண்ணமோ பூசாதீர்கள். மணலை வீசித் தேய்க்கும் பொறியை அணுக விடாதீர்கள். அழுக்கோடு எழுத்தும் போய்விடும். பிரித்த கல்லை எண்ணிட்டு, முன்னிருந்த இடத்திலேயே அமையுங்கள். வேலை தொடங்குமுன் எழுத்தறிந்தாரை அழைத்துப் படியெடுத்து வையுங்கள். நாம் பொறிக்கும் பெயர் நிலைக்க விரும்பினால், முன்னோர் பொறித்ததை நாம் காத்தல் வேண்டுமன்றோ?