உண்ணிக்கடியும் நாயின் இரத்தமும்

நாயின் காது மடலிலும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் பழுப்பு நாய் உண்ணி, தன் உமிழ்நீர் வழியாக எர்லிக்கியா கேனிஸ் என்னும் பாக்டீரியாவையும் நாயின் உடலுக்குள் செலுத்திவிடக்கூடும். 1935ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இக்கிருமி, நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய மோனோசைட் என்னும் வெள்ளையணுவிற்குள்ளேயே குடிபுகுந்து பெருகுகிறது.

தொற்றிய 8 முதல் 20 நாள்களுக்குள் காய்ச்சலும் சோர்வும் தோன்றி, நிணநீர்க் கணுக்கள் வீங்கி, நாய் உணவை வெறுக்கத் தொடங்குகிறது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், நலமுள்ள நாயின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கும். உடலின் எதிர்ப்பாற்றலே அவற்றைப் பகையெனக் கருதி அழிப்பதாலும், வீங்கிய மண்ணீரலில் அவை தேங்கிவிடுவதாலும் அந்த எண்ணிக்கை சரிகிறது. அதன் விளைவாக ஈறுகளிலும் அடிவயிற்றுத் தோலிலும் ஊசிமுனை அளவே உள்ள செந்நிறப் புள்ளிகள் தோன்றக்கூடும்.

மருத்துவம் பெறாத நாயிலும் சில வாரங்களில் காய்ச்சல் தானே தணிந்துவிடும் என்பதே இந்நோயின் பெரும் வஞ்சகம். நாய் உண்டு, ஓடி, விளையாடும் அந்த அமைதிக் கட்டம் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள்கூட நீடிக்கலாம். அப்போதும் குறைந்தே இருக்கும் தட்டணுக்களை இரத்தப் பரிசோதனை ஒன்றே வெளிப்படுத்தும். சில நாய்கள் கிருமியை வென்றுவிடினும், வேறு சிலவற்றில் எலும்பு மஜ்ஜை செயலிழந்து, சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றும் ஒருசேரக் குறைந்து, மூக்கிலிருந்து இரத்தம் வடியத் தொடங்குகிறது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் பணி நாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தது இவ்வாறே. அவற்றுள் பெரும்பான்மையான ஜெர்மன் ஷெப்பர்டு இனம் இந்நோய்க்கு எளிதில் இரையாவது பின்னரும் பலமுறை காணப்பட்டது.

டாக்ஸிசைக்ளின் என்னும் மலிவான மருந்தை மருத்துவர் குறித்த அளவில் ஏறத்தாழ 4 வாரம் கொடுத்தால், தொடக்க நிலையில் பெரும்பாலான நாய்கள் விரைவில் தேறுகின்றன. மஜ்ஜை வறண்ட பின்னரோ அதே மருந்து பெரும்பாலும் பயனளிப்பதில்லை. கிருமி உண்ணியின் முட்டைக்குக் கடத்தப்படுவதில்லை. இளம் உண்ணிகள் நோயுற்ற நாயிடமிருந்தே அதைப் பெறுகின்றன. ஆகவே, நாயின் உடலில் உண்ணி மருந்து இடுவதோடு, உண்ணி முட்டையிடும் சுவர் வெடிப்புகளையும் கொட்டில் இடுக்குகளையும் தூய்மைப்படுத்தி அடைத்துவிடுதல் வேண்டும்.