நாரை கொண்டுவந்த சான்று



வேட்டையாடும் ஒருவர் தாம் வீழ்த்திய பறவையைக் கையில் எடுக்கிறார். அதன் உடலில் தம் துப்பாக்கி செய்யாத வேறொரு காயம் இருக்கிறது. அதைச் செய்தவர் யார்? எந்த ஊரில்? எப்பொழுது? இத்தகைய ஒரு புதிர் பெரியதோர் உண்மையை விளக்கிய வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1822ஆம் ஆண்டு மே மாதம், வட ஜெர்மனியில் கிளூட்ஸ் என்னும் ஊருக்கருகே செங்கால் நாரை ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தை ஊடுருவி நின்றது, ஈட்டி போன்ற நீண்ட அம்பு. நீளம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். அவ்வட்டாரத்தில் அத்தகைய படைக்கலம் செய்வார் எவருமிலர். அது ஆப்பிரிக்காவில் செய்யப்பட்டது என்று ஆராய்ந்தோர் கண்டனர்.

குளிர்காலத்தில் ஐரோப்பாவை விட்டு மறையும் பறவைகள் எங்கே போகின்றன என்பது நெடுங்காலமாக வழக்காக இருந்தது. பொந்துகளில் ஒடுங்கி உறங்குகின்றன என்றனர் சிலர். தகைவிலான் குருவிகள் ஏரிச் சேற்றில் புதைந்து கிடக்கின்றன என்றனர் வேறு சிலர். தொலைநாடு செல்கின்றன என்றவர்களும் இருந்தனர். ஆனால் கையில் சான்று இல்லை. அச்சான்றை நாரையே தன் கழுத்தில் தாங்கி, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து சேர்த்தது. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அப்பறவை அம்போடு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

ஆயினும் உண்மையை அறிய ஒவ்வொரு முறையும் ஓர் உயிர் துன்புற வேண்டுமா? வேண்டுவதில்லை எனக் காட்டியவர் டென்மார்க் நாட்டுப் பள்ளியாசிரியர் மார்ட்டென்சென். 1899இல் அவர் மைனா இனத்துப் பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். அம்பு சொன்ன செய்தியை வளையம் வலியின்றிச் சொல்லத் தொடங்கியது.

அவரும் ஆசிரியர், நானும் ஆசிரியன். ஒருநாள் என் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, மாரியில் நம் ஏரிக்கு வரும் வாத்துகள் கோடையில் எங்கே போகின்றன?" என்று கேட்டான். "தேர்வு நெருங்குகிறது, பாடத்தைப் பார்" என்று அமர்த்திவிட்டேன். அம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாரையை அடுக்களைக்கு அனுப்பியவன் செய்திருக்கக்கூடிய பிழையையே நானும் செய்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவ்வாறு கேட்கும்போது, விடை தெரியாவிட்டாலும், கேள்வியை எறிந்துவிடாதீர்கள்.